கேசட் மிக்ஸ்டேப்: ஏ சைடு கடைசிப் பாட்டு பாதியில நிக்குது, சத்தமும் ஏறி இறங்குது

தானேபாடி:
கொஞ்சம் அவசரம். தாங்களே எழுதிப் பாடின பெண்களோட பாட்டுகளா எடுத்து கேசட்ல ஏத்திட்டிருக்கேன். ஏ சைடுக்கு எட்டுப் பாட்டு, கூட்டினா 29:50. ஆனா கடைசிப் பாட்டு முடியறதுக்குள்ள நாடா தீர்ந்துடுது. அதுபோக டோலி பார்ட்டன் நல்லா கேக்குது, சூசன் வேகாவோட டாம்ஸ் டைனர் வந்தா ஒரே இரைச்சல், அதுக்கு அடுத்த பாட்டு எடுத்த எடுப்புலயே அலறுது. எல்லாத்தையும் நார்மலைஸ் பண்ணியாச்சு, அதாவது சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாச்சு. என்ன செய்யலாம்?

ஒலிமானி:
கேசட் சி-60ஆ, சி-90ஆ (ரெண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிஷமா, 90 நிமிஷமா)? எதுல ரெக்கார்டு பண்றீங்க? நார்மலைஸ்னா பீக் (சத்தத்தோட உச்சி) வெச்சா, லவுட்னஸ் (காதுக்குக் கேக்குற சராசரிச் சத்தம்) வெச்சா?

இரைச்சல்வேட்டை:
டால்பிதான், நாடா இரைச்சலைக் குறைக்கிற அந்த வசதி. வேற எதுவும் இல்ல. டால்பி பி போட்டு ஏத்திட்டு, அது இல்லாத கருவியில கேட்டா இரைச்சல் தூக்கலாத்தான் தெரியும். அணைச்சுட்டு மறுபடி ஏத்துங்க.

ஒலிமானி:
அப்படின்னா எட்டுப் பாட்டுலயும் ஒரே மாதிரி இருக்கணுமே. இவருக்குப் பாட்டுக்குப் பாட்டு மாறுது.

பழையகாந்தம்:
இது இங்கே பலமுறை பேசி முடித்த விஷயம், தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். முதலில் கூட்டலே தப்பு. எட்டுப் பாட்டுக்கு நடுவில் ஏழு இடைவெளி, நாலு வினாடி வைத்தால் 28 வினாடி. தொடக்கத்தில் எதுவும் பதியாத லீடர் ஏறக்குறைய 5 வினாடி. ஆக 30:23. சி-60இல் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான் கணக்கு. கருவி ஒரு சதவீதம் வேகமாக ஓடினால் இன்னொரு 18 வினாடி போச்சு. 29:15ஐத் தாண்டாமல் அடக்குங்கள். இடம் போதவில்லை என்று சி-120 வாங்காதீர்கள், நாடா மெலிசு, சுற்றிக்கொள்ளும்.

மெட்டும்வரியும்:
பீக் நார்மலைஸ் இதுக்கு உதவாது. இப்போதைய மாஸ்டர் (வெளியீட்டுக்கான இறுதிப் பதிவு) நெருக்கி அமுக்கினது, 70கள்ல வந்தது அப்படி இல்ல. ரெண்டோட உச்சியும் ஒரே உயரத்துல இருந்தாலும் காதுக்குப் புதுசுதான் பெருசாக் கேக்கும். ரீப்ளேகெயின் மாதிரி முறையில லவுட்னஸை அளந்து மைனஸ் 18 எல்யுஎஃப்எஸ்ல (லவுட்னஸை அளக்கிற அலகு) எல்லாத்தையும் நிறுத்துங்க. பழசை ஏத்துறதைவிடப் புதுசை இறக்குறது நல்லது. டாம்ஸ் டைனரோட 1987 பதிவுல குரல் மட்டும்தான், அதை இன்னும் 2, 3 டெசிபல் குறைங்க. தனிக்குரலை பேண்டுக்குச் சமமா நிறுத்தினா காதுக்குள்ள வந்து கத்துற மாதிரி இருக்கும்.
மத்த பாட்டு என்னென்ன?

தானேபாடி:
ட்ரேசி சாப்மன், கரோல் கிங், ஜோன் ஆர்மட்ரேடிங், ஜூடி காலின்ஸ் போத் சைட்ஸ் நவ்...

வரிக்குவரி:
ஜூடி காலின்ஸ் சொந்தமாவும் எழுதினவங்க, ஆனா இது ஜோனி மிட்செல் எழுதினது. ஜோனியே பாடினது 1969ல வந்த கிளவுட்ஸ் ஆல்பத்துல இருக்கு. தலைப்புக்கு அதுதான் பொருந்தும்.

இரைச்சல்வேட்டை:
அந்தக் கணக்குப்படி கரோல் கிங்கும் போகணும். அவங்களோட இட்ஸ் டூ லேட் பாட்டு வரிகள் டோனி ஸ்டெர்ன் எழுதினது.

வரிக்குவரி:
மெட்டு கரோலோடது. மெட்டை எழுதினாலும் எழுதினதுதான்.

இரைச்சல்வேட்டை:
அப்போ வரி எழுதினவங்க யாரு? தலைப்புல "எழுதி"ன்னு போட்டா ரெண்டும் வேணும்.

ஒலிமானி:
அந்தச் சண்டை அப்புறம். தானேபாடி, எதுல ரெக்கார்டு பண்றீங்கன்னு இன்னும் சொல்லலையே.

தானேபாடி:
கையடக்க ரெக்கார்டர். லெவல் குமிழ் கிடையாது. சி-60.

ஒலிமானி:
அதான் காரணம். குமிழ் இல்லன்னா உள்ள தானியங்கி லெவல் கட்டுப்பாடு இருக்கும். சத்தம் வந்தா சட்டுனு அமுக்கும், அமைதி வந்தா மெதுவா ஏத்தும். தனிக்குரல்ல ஒவ்வொரு வரிக்கு நடுவுலயும் அது ஏறுது, கூடவே இரைச்சலும் ஏறுது. ஏறி நிக்கிற நேரத்துல அடுத்த பாட்டோட டிரம் விழுந்தா அலறத்தான் செய்யும். டாம்ஸ் டைனரை பி சைடு கடைசிக்குக் கொண்டுபோங்க, அதுக்குப் பின்னால அலற எதுவும் இருக்காது. இடைவெளியை ஒரு வினாடியாக்குங்க. லைன் இன் (வேற கருவியிலிருந்து ஒலி வாங்குற குழி) இருந்தா அதுல செருகுங்க, மைக் குழியில செருகினா உடையும்.

பழையகாந்தம்:
ஜோனியின் பதிவு ஜூடியினுடையதைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் நீளம். மாற்றினால் திரும்பக் கூட்டிப் பாருங்கள்.

தானேபாடி:
கூட்டினேன், 29:10. ஏ சைடு முழுசா முடியுது, அலறலும் இல்ல. தனிக்குரல்ல இரைச்சல் இன்னும் இருக்கு. நன்றி.

ஒலிமானி:
அது இந்த ரெக்கார்டர்ல போகாது. கையால லெவல் வைக்கிற டெக் கிடைச்சா மீட்டர் 0ஐ ஒட்டி, எப்பவாவது +3 தொடுற மாதிரி வைங்க. அதுக்கு மேல போனா குரல்ல "ஸ்" எல்லாம் கரகரக்கும்.

வரிக்குவரி:
கரோல் கிங்கை எடுத்துடாதீங்க.