டிம் லின்சகம் பந்து எறிந்ததை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்

சன்னிவேல்வாசி:

பே ஏரியாவில் இருக்கும் நம்மவர்களில் பலர் கிரிக்கெட்டோடு நின்றுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன், 2008-ல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்கு ஆபீஸ் டிக்கெட் ஒன்று கைக்கு வரும்வரை. பந்து எறியும் மேட்டில் நின்ற லின்சகமைப் பார்த்ததும் மட்டை எடுத்துக் கொடுக்கும் பையன் என்று நினைத்துவிட்டேன். 5 அடி 11 அங்குலம், 77 கிலோ. பிட்சர், அதாவது பந்து எறிபவர், என்றால் ஆறரை அடி மலை என்று எதிர்பார்க்கிற ஊரில் இப்படி ஒருவர்.

எறிய ஆரம்பித்தார் பாருங்கள். இடது காலைத் தூக்கி, பேட்டருக்கு முதுகு தெரிகிற அளவு உடம்பை முறுக்கி, ஒரே தாவல். அந்த ஓர் எட்டு ஏறக்குறைய ஏழரை அடி, அவர் உயரத்தைவிட நீளம். கை கடைசியில்தான் வரும், சாட்டை நுனி மாதிரி. போயிங்கில் வேலை பார்த்த அவர் அப்பா சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த முறை அது. உடம்பு தாங்குமா என்று பலருக்கும் சந்தேகம் இருந்தது. 2006-ல் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் ஒன்பது அணிகள் வேறு ஆட்களை எடுத்தபிறகு, பத்தாவதாக ஜயன்ட்ஸ் எடுத்தது. 2008-ல் 265 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் சரியாக அடிக்க முடியாமலே வெளியேறுவது), 2009-ல் 261. லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டு வருடமும் அவருக்கே.

உங்கள் நினைவுகளைச் சொல்லுங்கள்.

கால்ட்ரெயின் பயணி:

2010 நவம்பர் 3, வெற்றி ஊர்வலம். மவுன்டன் வியூவில் என்னால் ரயிலில் ஏறவே முடியவில்லை, அவ்வளவு கூட்டம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தபின் ஜயன்ட்ஸ் வாங்கிய முதல் வேர்ல்ட் சீரிஸ் (பேஸ்பால் சாம்பியன்) கோப்பை. அதற்கு முந்தையது 1954-ல், நியூயார்க்கில் இருந்தபோது. கடைசி ஆட்டத்தில் டெக்சாஸில் ஒன்பதில் எட்டு இன்னிங்ஸ் எறிந்து பத்துப் பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கியவர் இவர். என் பக்கத்தில் நின்ற வயசான அம்மா அவர் வண்டி போகும்போது கையைக் கூப்பிக் கும்பிட்டார். தமிழ் அம்மா இல்லை, சீன அம்மா.

ஃப்ரீமான்ட் அன்பர்:

நான் பார்த்தது இறங்குமுகம். எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

அவருடைய பெரிய ஆயுதம் சேஞ்ச்-அப். வேகப் பந்துக்கு வருகிற அதே கை வீச்சு, ஆனால் பந்து பத்து மைல் மெதுவாக வந்து பேட்டர் நிற்கும் தட்டுக்கிட்ட விழும். ஏமாற்றுவது அந்த வேக வித்தியாசம்தான். 2008-ல் வேகப் பந்து மணிக்குச் சராசரி 94 மைல். 2012-ல் 90-க்கு வந்துவிட்டது. வித்தியாசம் சுருங்கியது, பேட்டர்கள் காத்திருந்து அடித்தார்கள். அந்த வருடம் 15 தோல்வி. ஆனாலும் அக்டோபரில், ஆட்டத்தின் தொடக்கத்தில் எறிய இடமில்லை என்றானபோது, முகம் சுளிக்காமல் நடுவில் வந்து எறிந்து இரண்டாவது கோப்பைக்கு உதவினார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அப்போதுதான்.

2015-ல் இடுப்பு அறுவை சிகிச்சை. வேகத்தைத் தந்ததே அந்த இடுப்பு முறுக்கல்தானே, தேய்ந்ததும் அதுவே. 2016 ஜூன் 18 அன்று ஏஞ்சல்ஸ் என்ற வேறு அணியின் சட்டையில் ஓக்லாந்துக்கு வந்தார். நான் பார்ட் ரயிலில் போனேன். எதிரணி மைதானம், ஆனால் பெட்டி முழுக்க அவருடைய 55 எண் போட்ட ஜயன்ட்ஸ் சட்டைகள். ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் கொடுத்து ஜெயித்தார். திரும்பிவிட்டார் என்றே நம்பி வீட்டுக்கு வந்தேன். ஒன்பது ஆட்டங்களோடு முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 9 ரன்னுக்கு மேல் கொடுத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 32.

சன்னிவேல்வாசி:

ஃப்ரீமான்ட் அன்பரே, எழுதியதற்கு நன்றி. இறங்குமுகத்திலும் ஒரு நாள் இருந்தது.

2014 ஜூன் 25, புதன்கிழமை மதிய ஆட்டம். திருநெல்வேலியிலிருந்து அப்பா வந்திருந்தார். அந்தக் காலத்தில் பாளையங்கோட்டையில் லீக் ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றவர். பேஸ்பால் விதி ஒன்றும் தெரியாது. பூண்டு போட்ட உருளைக்கிழங்கு வறுவலைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று இன்னிங்ஸ் பேசாமல் பார்த்தார். பிறகு சொன்னார்: "எலே, இந்தப் பய கையால எறியல, இடுப்பால எறியுதான்."

ஏழாவது இன்னிங்ஸில் சுற்றியிருந்தவர்கள் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். எதிரணி ஒரு ஹிட்கூட (அடித்துவிட்டு பேஸுக்கு ஓடிச் சேர்வது) அடிக்கவில்லை, அதை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று இங்கேயும் ஒரு நம்பிக்கை. அப்பாவிடம் காதில் சொன்னேன். வறுவல் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார். 113 பந்துகள். கடைசிப் பந்து தரையோடு போய் அவுட் ஆனதும், சான் டியேகோவுக்கு எதிராகவே இரண்டாவது நோ-ஹிட்டர் (ஆட்டம் முழுக்க ஒரு ஹிட்டும் கொடுக்காதது). முந்தைய வருடம் 148 பந்துகளில் முதலாவது. போதாக்குறைக்கு மட்டை பிடித்து இரண்டு ஹிட்டும் அடித்தார். அப்பா எழுந்து நின்று விசில் அடித்தார்; என் வாழ்நாளில் அவர் விசிலடித்துக் கேட்டதே இல்லை.

கடைசியாகப் பார்த்தது 2019 செப்டம்பர் 29, ஜயன்ட்ஸ் மேனேஜர் போச்சியின் பிரியாவிடை. பழைய ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். கண்ணிலேயே படாமல் இருந்த லின்சகம் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் தலை தெரிந்ததும் எழுந்த சத்தத்தில் ஒலிபெருக்கியில் சொன்ன பெயரே கேட்கவில்லை.

இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த இடுப்பால எறியுத பயலா? நடக்கதுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையேல?"