தட்டிப் பார்க்காம வாங்கின சீனப் பரணி

பழைய சாமான் வாங்கி ஏமாந்த கதை ஆளாளுக்கு ஒண்ணு இருக்கும், என் பங்குக்கு இது.

தக்கலைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிச்சாங்க. கதவும் நிலையும் மரக்கடைக்குப் போயாச்சு, மிச்சம் ஆக்கர் கடையில, அதான் பழைய சாமான் கடையில, கெடக்குன்னு தகவல் வந்ததும் ஓடினேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு சீனப் பரணி, அதாவது சுட்ட மண் சாடி! தேன் நிறத்துல கண்ணாடி மாதிரி மெருகுப் பூச்சு, வயித்தைச் சுத்தி டிராகன், தோள்ல கயிறு கோர்க்க நாலு காது. பத்மநாபபுரம் அரண்மனையில சின்ன வயசுல வாயைப் பிளந்து பார்த்த சாடிகள்தான் கண்ணுக்குள்ள வந்து நின்னுச்சு. இந்த வகைக்கு மர்த்தபான்னு பேரு. பர்மாவுல இருந்த ஒரு பழைய துறைமுகத்தோட பேரு அது. தென்சீனாவுல சுட்ட பரணிக்கும் அதே பேருதான் ஒட்டிக்கிச்சு. எண்ணெயும் ஊறுகாயும் கப்பல்ல ஏத்தி வர செஞ்ச பாத்திரம், அலங்காரமெல்லாம் அடுத்தபடிதான்.

கடைக்காரர் 9,000 சொன்னார், 6,000-க்கு முடிச்சேன். பேரம் பேசின பெருமையில தட்டிக்கூடப் பார்க்கல.

ராத்திரி துடைக்கும்போது கழுத்துல ஒரு இடம் மட்டும் விரலுக்குச் சில்லுனு இல்லை. கள்ள நோட்டு பார்க்கிற டார்ச்சை அடிச்சேன். கால் பங்கு கழுத்து வெளிறிப்போய்த் தனியா மின்னுது. உடைஞ்சதைப் பசை வச்சு ஒட்டி, மேல பெயின்ட் அடிச்சிருக்கான். விரல் முட்டியால தட்டினா 'டொக்கு'ன்னு செத்த சத்தம்.

எனக்குப் பாடம் எடுத்தது திருவட்டாறு பக்கத்து அம்மச்சி ஒருத்தங்க. அவங்ககிட்ட மேல பழுப்பும் கீழ வெள்ளையுமா சாதா உப்புமாங்காப் பரணி. நம்ம வீடுகள்ல பரண்ல ஏத்தி மறந்துபோன அதே ரகம்.

"சக்கையத் தட்டிப் பாக்கத் தெரியுதுல்லா மக்கா, இதத் தட்டத் தெரியாதா?"ன்னு பலாப்பழத்தைச் சொல்லிக் கேட்டுக்கிட்டே, காலியா இருந்த பரணியைச் சுண்டினாங்க. மணி மாதிரி இழுத்துப் பாடுச்சு.

கவிழ்த்தும் காட்டினாங்க. அடி வளையத்துல மெருகு கிடையாது. எச்சில் தொட்ட விரலை அங்க வச்சா ஈரம் அப்படியே நிக்குது. 1200 டிகிரியை ஒட்டிச் சுட்ட கெட்டிமண் தண்ணியை உறிஞ்சாது. குறைஞ்ச சூட்டுல சுட்டதுன்னா உடனே குடிச்சிரும். அந்த மாதிரிப் பரணி மெருகுல வலைப்பின்னல் கீறலும் விழுந்திருந்தா, வருஷக்கணக்கா உப்பு கசிஞ்சு வெளிப்பக்கம் வெள்ளையாப் பூத்திருக்கும். அதுல திரும்ப ஊறுகாய் போடாதீங்க. ஈய மெருகா இருந்தா புளிப்பு அதை அரிச்சு இழுத்துரும்.

அடியில இன்னொண்ணு: நெசமாப் பழகின பரணியில தேய்மானம் சீராவே இருக்காது. இழுத்து இழுத்து வச்ச பக்கம் வழவழன்னு, மறுபக்கம் சொரசொரன்னு இருக்கும். புதுசுக்கு டீத்தண்ணி ஊத்திப் பழசாக்கினதுல கறை எல்லா இடத்துலயும் ஒண்ணுபோல இறங்கியிருக்கும். படம் கையால வரைஞ்சதான்னு பார்க்க லென்ஸ் போதும். தூரிகை தூக்கின இடத்துல சாயம் மெலியும், அச்சு ஸ்டிக்கர்னா புள்ளி புள்ளியாத் தெரியும்.

என் டிராகன் இப்போ உடைஞ்ச கழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டு நிக்குது. அம்மச்சி பரணியை விலைக்குக் கேட்டு மூணு வருஷமாச்சு. "இந்த மாங்கா தீரட்டு மக்கா, பொறவு பாப்போம்"ங்காங்க. ஒவ்வொரு சித்திரையிலயும் புதுசா மாங்கா விழுந்துருது.