காலண்டர் தாள், இன்லண்ட் கடிதம் வைத்து அரூபக் கொலாஜ்: அட்டை வளைகிறது, மை கசிகிறது

தாள்மடிப்பு கேட்டது:

வணக்கம். காலம், நினைவு என்ற கருவில் 12 பலகைகள் கொண்ட கொலாஜ் (தாள் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்) வரிசை ஒன்று கையில் இருக்கிறது. ஒவ்வொன்றும் 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். பொருள் என்று பார்த்தால் ஒரு முழு வருடத்துத் தினசரி காலண்டர் தாள்கள், 1970-80களின் இன்லண்ட் கடிதங்கள், அதே காலத்து வாரப்பத்திரிகைப் பக்கங்கள். அடியில் 2 மி.மீ. கிரே போர்டு அட்டை. பசை, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர்.

முதல் இரண்டு பலகையிலேயே சிக்கல். காய்ந்ததும் அட்டை நான்கு மூலையும் தூக்கிக் கிண்ணம் மாதிரி நிற்கிறது. காலண்டர் தாளில் நடுநடுவே கொப்புளம். சில கடிதங்களில் மை கரைந்து நீலத் திட்டாகிவிட்டது, சிலவற்றில் ஒன்றும் ஆகவில்லை. பத்திரிகைத் தாள் இன்னும் எவ்வளவு மஞ்சளாகும், நிறுத்த வழி உண்டா?

கடைசியாக ஒன்று. எல்லாம் ஒட்டி முடித்தால் "பழைய பேப்பர் அழகு" என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. படமோ முகமோ வைக்காமல் காலத்தை எப்படிக் கொண்டுவருவது?

அட்டைக்கட்டு:

வளைவதும் கொப்புளமும் ஒரே காரணத்தால்தான். ஈரம் பட்டால் காகிதம் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், சுருங்கும் தாள் அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. முன்பக்கம் எத்தனை அடுக்கு வருகிறதோ, ஏறக்குறைய அதே எடையில் பின்பக்கமும் தாள் ஒட்டுங்கள். அதுவும் அதே நாளில். வளைந்தபிறகு பின்னால் ஒட்டினால் பாதிதான் திரும்பும்.

அதோடு நார்ப்போக்கு பாருங்கள். ஆலைக் காகிதத்தில் நார் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும், தாள் விரிவது அதற்குக் குறுக்கேதான். ஒரு ஓரத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும்: நேராகக் கிழிகிற திசை நார்ப்போக்கு, கோணல்மாணலாக ஓடுவது குறுக்குத் திசை. அட்டைக்கும், முன் பின் தாள்களுக்கும் ஒரே போக்கு இருக்கட்டும். சின்னத் துண்டுகளுக்கு இது பெரிதாகத் தெரியாது. உள்ளங்கையைவிடப் பெரிய துண்டு என்றால் கட்டாயம்.

கொப்புளத்துக்குக் காரணம் அவசரம். பசை தடவிய உடனே தாளை வைத்தால், அட்டையின் மேல் போன பிறகு அது விரிகிறது, போக இடமில்லாமல் எழும்புகிறது. பசை தடவி விட்டுவிடுங்கள். காலண்டர் தாளுக்கு ஒரு நிமிடம், பத்திரிகை அட்டை மாதிரி கனமான தாளுக்கு மூன்று நிமிடம். முதலில் சுருளும், பிறகு தானே படியும். படிந்தபின் எடுத்து வையுங்கள், நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் மைஒற்றுத் தாள், பிளைவுட், 8-10 கிலோ எடை. ஒற்றுத் தாளை 20 நிமிடத்தில் ஒரு தடவை, ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை மாற்றி, பிறகு இரவு முழுக்க விடுங்கள். மாற்றாமல் விட்டால் ஈரம் போக வழியில்லாமல் பூஞ்சை வரும்.

ஃபெவிகாலில் பாதி தண்ணீர் என்பது அதிகம். தண்ணீர் கூடக் கூட விரிவும் கூடும். அந்தப் பசை காய்ந்தால் தாளைச் சேதமில்லாமல் பிரிக்கவும் முடியாது. கடிதத்துக்காவது கோதுமை ஸ்டார்ச் பசைக்கு மாறுங்கள்.

200 கிராம் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு, அல்வாவுக்குப் பால் எடுப்பது மாதிரி அந்தத் தண்ணீரிலேயே கசக்கி எடுங்கள். கையில் மிஞ்சுகிற ரப்பர் மாதிரிப் பொருளை வீசிவிடுங்கள். பாலை வடிகட்டி இரவு முழுக்க வைத்தால் ஸ்டார்ச் அடியில் தங்கும், மேல் தண்ணீரைக் கொட்டிவிடலாம். தங்கியது ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. சிறு தீயில் 20-25 நிமிடம் கிண்டினால் கண்ணாடி மாதிரி ஆகும். ஆறியதும் சல்லடையில் இரண்டு தடவை தேய்த்து எடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் நாலைந்து நாள் நிற்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

தாள்மருந்து:

பசையைப் பற்றி மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. பைண்டிங் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. நீங்கள் போடாதீர்கள். செம்பு உப்பு நாளடைவில் காகிதத்தையே அரித்து உடையவைக்கும். ராமபாணப் பூச்சிக்கு நல்ல மருந்து, முழுக்கக் காய்ந்த பலகையும் காற்றோட்டமும்தான்.

மை: கரைந்தது ஊற்றுப்பேனா மையாக இருக்கும், அது தண்ணீரில் கரையும் சாயம். கரையாமல் நின்றது பால்பாயின்ட், எண்ணெய் சார்ந்த மை. ஆனால் பால்பாயின்ட் மை ஸ்பிரிட்டில் கரையும். கடைசியில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்கும் எண்ணம் இருந்தால், அதில் ஆல்கஹால் இருக்கிறதா என்று டப்பாவைப் படித்துவிட்டு அடியுங்கள். ஒட்டுமுன் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு எழுத்தின் மேல் ஈரப் பஞ்சு நுனியை வைத்து, வெள்ளைத் தாளால் ஒரு நிமிடம் அழுத்தி எடுங்கள். தாளில் நீலம் வந்தால் அந்தக் கடிதத்தில் எந்தத் தண்ணீர்ப் பசையும் வேண்டாம்.

அப்படிப்பட்டதற்கு ஜெராக்ஸ் போதும். டோனர் தண்ணீரில் கரையாது. வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்த நகல் பெரும்பாலும் கரையும். 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் எடுங்கள். கையெழுத்தின் கோடுதான் உங்களுக்கு வேண்டும், அந்தக் கடிதமே வேண்டியதில்லை. என் கருத்தில், ஒரே பிரதியாக இருக்கிற கடிதத்தை வெட்டவே கூடாது.

மஞ்சள்: பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்து எடுத்த கூழ். அதிலிருக்கிற லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு நிறம் மாறும், அமிலமும் சேரும். அமிலத்தை மட்டும் ஓரளவு கட்டுப்படுத்தலாம். உப்புப் போடாத சோடா ஒரு லிட்டர், மணமோ இனிப்போ சேர்க்காத மில்க் ஆஃப் மக்னீசியா ஒரு மேசைக்கரண்டி, மூடி 8 மணி நேரம் குளிரில் வையுங்கள். மேலே தெளிந்ததில் தாளை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வலைமேல் கிடத்திக் காயவிடுங்கள். முதலில் ஒரு துண்டில் சோதியுங்கள், சில அச்சு நிறங்கள் மாறும். இது தாள் நொறுங்குவதைத் தள்ளிப்போடும். வெளிச்சத்தால் வரும் மஞ்சளை நிறுத்தாது. காகிதப் படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வெளிச்சத்தை 50 லக்ஸ் என்ற மங்கலான அளவோடு நிறுத்துவது அதனால்தான்.

கிரே போர்டும் கழிவுத்தாளில் செய்தது, அமிலம் கசியும். 300 ஜிஎஸ்எம் பருத்திக் கைக்காகிதம் நல்லது. புதுச்சேரி ஆசிரமத் தாள் மாதிரி கையால் வார்த்ததில் நார்ப்போக்குத் தொல்லையும் குறைவு.

மஞ்சளாவதை அப்படியே ஏற்றுக்கொள்வதும் ஒரு வழிதான். ஹான்ஸ் ஆர்ப் என்ற ஐரோப்பிய அரூப ஓவியர் தன் பழைய கொலாஜ்கள் வெடித்துக் கறைபடிந்ததைப் பார்த்தபின் 1930களில் கிழித்த காகிதத்துக்குப் போனார், சிதைவையும் படத்தில் சேர்த்துக்கொண்டார். எது மாறட்டும், எது மாறக்கூடாது என்று துண்டுதுண்டாக நீங்கள் முடிவு செய்துவிட்டால் போதும்.

எட்டுக்கட்டம்:

"பழைய பேப்பர் அழகு" பிரச்சினை, தாளை அதன் வயசுக்காக மட்டும் பார்ப்பதால் வருவது. பழுப்பு நிறம் பழசு என்று மட்டும் சொல்லும், காலம் எப்படி நகர்கிறது என்று சொல்லாது. அதற்கு ஒரு விதி வேண்டும். உங்கள் கையில் 12 பலகையும் 365 தாளும் இருக்கின்றன. விதி அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கிறது: ராகுகாலம்.

"திருவிழாச் சந்தடியில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா" என்ற ராகுகால வாய்ப்பாடு தெரிந்திருக்கும், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. காலை 6 முதல் மாலை 6 வரை ஒன்றரை மணி நேரமாக எட்டுப் பங்கு, அதில் ஒன்று அந்த நாளின் ராகுகாலம். 40 செ.மீ. பலகையில் இரு பக்கமும் 2 செ.மீ. விட்டால் 36, ஒரு பங்கு 4.5 செ.மீ. ஒரு பலகை ஒரு மாதம், ஒரு வரி ஒரு நாள். 8 மி.மீ. உயரம் வைத்தால் 31 வரி 24.8 செ.மீ.தான், மேலும் கீழும் இடம் தாராளம். அந்தந்த நாளின் தாளிலிருந்து 4.5 செ.மீ. நீளத் துண்டு கிழித்து அதன் பங்கில் ஒட்டுங்கள். திங்கள் இரண்டாவது கட்டம், செவ்வாய் ஏழாவது, புதன் ஐந்து, வியாழன் ஆறு, வெள்ளி நான்கு, சனி மூன்று, ஞாயிறு எட்டு.

செய்து பார்த்தால் தெரியும்: வியாழனிலிருந்து சனி வரை துண்டுகள் இடப்பக்கம் இறங்கும், ஞாயிறன்று வலக்கோடிக்குத் தாவும், திங்களன்று திரும்ப இடப்பக்கம். வாராவாரம் அதே நடை. முதல் கட்டம் வருடம் முழுக்க ஒரு துண்டும் விழாமல் கிடக்கும். கடிதத் துணுக்குகளுக்கு அந்தக் காலிப் பத்தியை ஒதுக்குங்கள், தேதியிட்ட கடிதத்தை அதே தேதி வரியில் வையுங்கள், வருடம் எதுவானாலும் சரி.

கத்தரி வேண்டாம், இரும்பு ஸ்கேலை வைத்துக் கிழியுங்கள். கிழிபட்ட இரண்டில் ஒன்றில் வெள்ளை விளிம்பு நிற்கும், மற்றதில் நிற்காது. இழுக்கும் திசையை மாற்றினால் விளிம்பும் இடம் மாறும். ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு மையின் ஓரத்தில் அந்த வெள்ளைக் கோடு நன்றாகப் பேசும்.

தாள்மடிப்பு:

மிக்க நன்றி. ராகுகாலக் கட்டத்தைப் பென்சிலில் போட்டுப் பார்த்தேன், தாவல் உடனே தெரிகிறது. ஒரு யோசனை: டிசம்பர் பலகையை அப்படியே விட்டு, நவம்பர் மேல் ஒரு மெல்லிய தாள், அக்டோபர் மேல் இரண்டு என்று ஜனவரிக்கு 11 அடுக்கு மூடினால்? நினைவு மங்குகிற மாதிரி. பட்டம் செய்யும் தாள் கைவசம் இருக்கிறது.

தாள்மருந்து:

பட்டத் தாள் வேண்டாம், அதன் சாயம் பசையில் இறங்கும். ஆவணக் காப்பகங்களில் பழுதுபார்க்கப் பயன்படுத்தும் வெள்ளை லென்ஸ் டிஷ்யூ என்ற மெல்லிய தாளோ 10-12 ஜிஎஸ்எம் ஜப்பானியத் தாளோ தேடுங்கள்.

அட்டைக்கட்டு:

11 அடுக்கு தாங்காது. ஸ்டார்ச் பசையில் டிஷ்யூ காய்ந்ததும் திரும்ப வெள்ளையாகும், நாலைந்து அடுக்குக்கு மேல் கீழே அச்சு இருப்பதே தெரியாது. அக்ரிலிக் மேட் மீடியத்தில் (காய்ந்தால் பளபளக்காத ஓவியப் பசை) ஒட்டினால் நாரின் இடுக்கு நிரம்பி ஒளி ஊடுருவும், ஏழெட்டு வரை போகலாம், ஆனால் திரும்பப் பிரிக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு அடுக்கு வைத்தால், கடைசிக் காலாண்டு வெறும் பலகை, முதல் காலாண்டுக்கு மூன்று அடுக்கு. கண்ணுக்கு அதுவே போதும். பின்பக்கமும் அதே எண்ணிக்கை ஒட்ட மறக்காதீர்கள். ஒவ்வொரு அடுக்கும் முழுக்கக் காய்ந்தபிறகே அடுத்தது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி இருக்கும்படி சட்டக்காரரிடம் உள்சட்டம் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் டிஷ்யூ போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.