புதுப்பிப்பு: ஹைலக்ஸ் இப்போது டீசலில்

பழைய பெற்றோல் ஹைலக்ஸ் பிக்கப்புக்கு டொயோட்டாவின் 2எல் என்ற மாதிரி டீசல் எஞ்சின் மாற்றப்போவதாக முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, வேலை முடிந்து வண்டி கிளிநொச்சியில் நெல் மூட்டை ஏற்றி ஓடுகிறது. எஞ்சினை இருத்தியது பெரிய விஷயமில்லை, பிறேக்தான் ஆளைப் படுத்தியது. பெற்றோல் எஞ்சின் காற்றை மறித்து மறித்து இழுப்பதால் பிறேக் மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டருக்கு வேண்டிய வக்யூம் (வெற்றிடம்) அதிலேயே கிடைக்கும், டீசல் அப்படி மறிப்பதில்லை, அதனால் பின்பக்கம் வக்யூம் பம்ப் உள்ள ஒல்டர்னேற்றர்தான் (பற்றரியைச் சார்ஜ் பண்ணுவது) வேண்டும். கையில் கிடைத்த ஏதோவொன்றைப் பூட்டினால் ஏ9 வீதியில் மாடு குறுக்கே வரும்போது தெரியும். அப்புறம் மிஞ்சும் டீசல் தாங்கிக்குத் திரும்ப ஒரு குழாய், ஸ்டார்ட் பண்ணமுன் எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்குக்குத் தனி ரிலே (மின் சுவிட்ச்). தாங்கியைக் கழற்றிக் கழுவினோம், அடியில் செம்மண் போலத் துரு. சரி, பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகையை மாற்றுவதுதான் மிச்சம்.