கீரை பறிக்கப் போய் மனசில் நின்றுபோன சம்பவம் எது? (கொழும்பு, சுற்றுவட்டாரம்)

வெள்ளவத்தைக்காரி:
கால்வாய்க் கரையில் பார்த்தது இன்னும் மண்டைக்குள் சுற்றுகிறது, அதுதான் இங்கே வந்து கொட்டுகிறேன். தண்ணீரை மூடிப் படர்ந்து கிடந்ததை ஒரு அம்மா அரிவாளால் அரிந்து உரப்பையில் திணித்துக்கொண்டிருந்தார். பொன்னாங்காணியாம். பூவைப் பார்த்தேன். வெள்ளை உருண்டை, விரல் நீளக் காம்பின் நுனியில் தனியாக நிற்கிறது. பொன்னாங்காணிக்கு அப்படியா பூக்கும்? இலைக் கக்கத்தில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டல்லவா இருக்கும். இது அலிகேட்டர் வீட் என்ற களை அம்மா என்று சொல்லி, தண்டை ஒடித்து உள்ளே இருந்த ஓட்டையையும் காட்டினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தார். "நாங்க இதைத்தான் பிள்ளை சாப்பிடுறம், ஒருத்தரும் சாகேல்ல" என்றார். மிச்சத்தையும் அரிந்தார்.

சரி, அதைத் தின்று யாரும் அன்றைக்கே விழப்போவதில்லை. என் பயம் தண்ணீர் பற்றியது. ஈயம், காட்மியம் எது இருந்தாலும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி அது, அந்தக் கால்வாயில் என்னென்ன வந்து விழுகிறது என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு உரப்பை நிறையக் கீரை ஒரு வீட்டுக்குத் தேவையா? விற்கத்தான் கொண்டுபோகிறாரோ என்பதுதான் இப்போதும் அரிக்கிறது.

மருதானை மச்சான்:
அக்கா, பூ சரி, தண்டு பிழை. தண்ணீருக்குள் நிற்கும் பொன்னாங்காணிக்கும் தண்டு ஓட்டையாகத்தான் இருக்கும். ஓட்டையை வைத்து முடிவு கட்டினால் நல்ல கீரையையும் எறிந்துவிடுவீர்கள். பூ வராத காலத்தில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அனுபவப்பட்டவர்களுக்கே கஷ்டம்.

இந்தக் குழப்பம் நம்மோடு கப்பலேறியும் போயிருக்கிறது. 1990களில் மெல்பேர்ன் பக்கம் இலங்கை ஆட்களின் வீட்டுத் தோட்டங்களில் பொன்னாங்காணி என்று நம்பி இதையே வளர்த்திருக்கிறார்கள். இங்கே மாத்தறையில் 1999இல்தான் இது இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள், அதற்கு முன்பே அங்கே பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். என் பெரியம்மா அங்கேதான் இருந்தார். வந்த அதிகாரி முழங்காலில் இருந்து வேர்த்துண்டு ஒன்றுகூட மிச்சம் விடாமல் தோண்டினாராம், ஒரு கணு மண்ணில் கிடந்தாலும் திரும்ப முளைக்குமே. அப்புறம் பதிலுக்கு அந்த நாட்டுக்கே உரிய அதே இனத்துச் செடி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பெரியம்மா அதை வறை செய்து பார்த்துவிட்டுச் சொன்னது: "தேங்காய்ப்பூ கூடப் போட்டால் சமாளிக்கலாம்."

கொலன்னாவை உம்மாவின் மகள்:
இலையை விடுங்கள், கிழங்குதான் என்னைப் பயமுறுத்தியது. 2022, காஸ் வரிசைக் காலம், மரக்கறி விலை உங்களுக்கே தெரியும். சாச்சா பாணந்துறைக் காணியைத் துப்புரவாக்கப் போனவர் பை நிறையக் கிழங்கோடு வந்தார், வற்றாளங்கிழங்கும் வேறு என்னவோவும் கலந்து. உம்மா கழுவி, கத்தியும் எடுத்துவிட்டார். அப்போதுதான் பையைப் பார்த்தார். பையின் பிடியில் ஒரு காய்ந்த இலை தொங்கியது, நுனி சுருண்டு பிடியை இறுக்கிப் பற்றியிருந்தது. உம்மா கத்தியை வைத்துவிட்டார். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருளும் கொடி நம் பக்கம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான்: நியங்கலா, நீங்கள் சொல்லும் கார்த்திகைப்பூ. பலகையில் பார்த்தால் விரித்த இரண்டு விரல் மாதிரி கவராக ஒரு கிழங்கு, தோல் சீவினால் வற்றாளங்கிழங்கிலிருந்து பிரித்தே அறிய முடியாது. "இதச் சமைச்சா ஊட்டுல எல்லாரும் மையத்துதான்" என்றார், குரலைக்கூட உயர்த்தவில்லை.

பிறகு வாசித்தேன். அதில் இருப்பது கொல்ச்சிசின், அவித்தாலும் போகாது. சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றோட்டம். அதைத் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு கிழமையில் தலைமுடி கொத்தாக உதிருமாம். சாச்சாவுக்கு இன்றுவரை கோபம், கலந்து கிடந்ததால் நல்ல கிழங்கையும் சேர்த்து எறிந்துவிட்டோமாம்.

கீரைக் கிறுக்கன்:
எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கொழுப்புக் குறையும் என்று பிலிங் காய்ச் சாற்றை வெறும் வயிற்றில் கோப்பை கோப்பையாகக் குடித்து, சிறுநீரகம் அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர்களைப் பார்த்ததும் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிலிங் காட்டுச்செடி இல்லை, வீட்டு வளவில் நிற்பது, ஆனாலும் ஆளை விழுத்தியது அதிலுள்ள ஒக்சலேட் என்ற உப்பு. சாறணைக் கீரையிலும் அது உண்டு, அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் வறுக்க வேண்டும். காட்டுச்சேம்பு தொண்டையை அரிப்பதும் அதன் ஊசிகளால்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் ஒரே நாளில் இரண்டு புதுக் கீரை சமைக்காதீர்கள், வயிறு குழம்பினால் எது என்று யாருக்குத் தெரியும்? பறித்ததில் பூவோ காயோ உள்ள ஒரு கொப்பை எடுத்து வையுங்கள். ஏதாவது ஆனால் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து, அந்தக் கொப்பையும் கையில் கொண்டு போங்கள். தேசிய வைத்தியசாலையில் நச்சுத் தகவல் நிலையம் 1988இலிருந்து இருக்கிறது, தொலைபேசியிலும் கேட்கலாம். கடற்கரை ரயில் பாதையோரம் பறிக்கவே வேண்டாம், பெட்டிகளின் கழிப்பறை எங்கே திறக்கிறது என்று யோசியுங்கள். வயலோரம் என்றால் எலிக்காய்ச்சல், காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள். தண்ணீரில் வளர்ந்த கங்குன் கீரையைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். காளானுக்கு வெள்ளிக் காசு போட்டுப் பார்ப்பது, உள்ளி போட்டுப் பார்ப்பது எல்லாம் சுத்தப் பொய், காசு கறுக்காத காளானும் ஈரலைத் தின்னும். மழைக்குப் பிறகு முளைத்ததைப் பார்த்து ஆசைப்படாமல்

பம்பலப்பிட்டி பத்தாம் மாடி:
கிறுக்கன் அண்ணா, பாதியிலேயே நின்றுவிட்டது, மூச்சு வாங்குங்கள். கேட்டது அனுபவம், நீங்கள் சுற்றறிக்கை அனுப்புகிறீர்கள். கங்குன் விஷயம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் மாடிக் கட்டிடத்தின் வாசலில் அலங்காரத் தொட்டி, அதில் வட்ட வட்ட இலை. எட்டாம் மாடி மாமி கத்தரிக்கோலோடு நிற்கிறார், சம்பலுக்கு வல்லாரை ஓசியில் கிடைத்துவிட்டதாம். தோட்டக்கார ஐயா ஓடி வந்தார். மாமிக்குச் சிங்களம் அரைகுறை, அவருக்குத் தமிழ் அதைவிட. அவர் ஒரு இலையைப் பறித்துக் கவிழ்த்தார். காம்பு குடைக்கம்பி மாதிரி இலையின் நட்டநடுவில் சேர்ந்திருந்தது. பிறகு மாமியின் கூடையில் கிடந்த சந்தை வல்லாரையிலிருந்து ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார், அதில் காம்பு விளிம்பில் வெட்டுப்பட்ட இடத்தில் வந்து சேர்கிறது. இரண்டையும் மாமியின் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டிக்கு அடிக்கடி பூச்சிமருந்து அடிப்பாராம், அதைச் சைகையில் காட்டியபோதுதான் மாமிக்கு வேர்த்தது. இவ்வளவு நாள் கடையில் வாங்கி அரைத்த எனக்கு அந்தக் காம்பு கண்ணில் பட்டதே இல்லை. இப்போது சந்தையில் ஒவ்வொரு கட்டையும் கவிழ்த்துப் பார்த்து கீரைக்கார அக்காவிடம் ஏச்சு வாங்குகிறேன்.

நுகேகொடை நித்தி:
2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற பட்டம் கிடைத்ததே, அப்படியொரு ஈரநிலப் பூங்காவுக்குச் சித்தியோடு போனேன். தெபு என்ற கீரைச்செடி தளதளவென்று நிற்கிறது, சுருள் சுருளாய் ஏறும் இலை, சித்தியால் தாங்க முடியவில்லை. நான் பறவை பார்த்துத் திரும்புவதற்குள் கைப்பை உப்பிவிட்டது. வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். சித்தி இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்குகிறார், அவர் ஒவ்வொன்றாக எண்ணுகிறார், பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை. உள்ளே எதையும் பறிக்கக் கூடாதுதான், பலகையும் இருக்கிறது, சித்தி கண்ணாடி போடவில்லையாம். கடைசியில் அவரே இரங்கி, சந்தியில் காலையில் ஒரு அம்மா தெபு கட்டுக் கட்டாக விற்பார், அங்கே வாங்குங்கள் என்றார். போய் இரண்டு கட்டு வாங்கினோம்.

வெள்ளவத்தைக்காரி:
அந்த அம்மா எங்கே பறிக்கிறாராம்? கேட்டீர்களா?

நுகேகொடை நித்தி:
இல்லையே. வறை நல்லா இருந்தது.