அனோரெக்ஸியாவுக்கு காரணம் சைட்டோகைனா, பட்டினியா?

செந்தில்_பயோ:
அனோரெக்ஸியா, அதான் எடை கூடிருமோன்னு பயந்து சாப்பாட்ட ஒதுக்கி ஆபத்தா இளைச்சுப் போற நோய், அது வந்த புள்ளைங்கள வீம்பு புடிச்சதுன்னு திட்டுறத முதல்ல நிறுத்துங்கய்யா. அவங்க ரத்தத்துல டிஎன்எஃப் ஆல்ஃபாவும் ஐஎல்-6ம் (ரெண்டும் சைட்டோகைன், அதாவது நோய் எதிர்ப்பு செல்லுங்க சேதி அனுப்புற புரதம்) கூடுதலா இருக்குன்னு பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தே சொல்லிட்டாங்க. உடம்ப உருக்குலைக்கிற கேக்கெக்டின்னு ஒரு புரதமும் டிஎன்எஃப்பும் ஒண்ணுதான்னு 1985லயே தெரிஞ்சாச்சு, பசிய அமுக்குற சமாச்சாரம் இது.

மலர்விழி:
கூடுதலா இருந்தா அதுதான் காரணமா? பட்டினி கெடந்தே ஏறியிருக்கலாம்ல. அமெரிக்காவோட மினசோட்டாவுல 1944-45ல ஒரு ஆய்வுக்காக நல்லா இருந்த 36 ஆம்பளைங்கள அரைப்பட்டினி போட்டாங்க, கொஞ்ச மாசத்துல சமையல் புஸ்தகமா படிக்கிறதும் தட்டை நக்குறதும் ஒரு வேளை சாப்பாட்ட இழுத்து இழுத்து சாப்பிடுறதும்னு ஆயிட்டாங்க, அனோரெக்ஸியாவுல பாக்குற மாதிரியே. இன்னொண்ணு, ஐஎல்-6 ஏறினா லிவர் சிஆர்பிய (உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறுற புரதம்) கூட்டணும், அனோரெக்ஸியா இருக்கவங்களுக்கு அது குறைவாத்தான் வருது.

செந்தில்_பயோ:
கொழுப்புல இருந்துதான் ஐஎல்-6 கணிசமா வரும், இவங்க உடம்புல கொழுப்பே இல்லயே, அப்புறம் எங்கருந்து ஏறுதாம்? டென்மார்க்ல 5 லட்சத்துக்கு மேல பொண்ணுங்க ரெக்கார்ட் பாத்து 2019ல வந்த ஆய்வு, கடுமையான இன்ஃபெக்‌ஷனோட ஆஸ்பத்திரில சேந்தவங்களுக்கு பின்னாடி ஈட்டிங் டிஸார்டர் (அனோரெக்ஸியா மாதிரி சாப்பாட்டு நோய்ங்க) ரிஸ்க் கூடுது, அதுவும் முதல் மூணு மாசத்துலதான் ரொம்ப.

மலர்விழி:
டாக்டர் இந்த நோய்தான்னு சொல்றதுக்கு முன்னாடியே ரொம்ப நாளா சாப்பாட்ட குறைச்சிருப்பாங்க ப்ரோ, அந்த நேரத்துல இன்ஃபெக்‌ஷன் வந்திருந்தா?

பொருநை_அக்கா:
என் தங்கச்சி மே மாச வெயில்ல ஸ்வெட்டர் போட்டு உக்காந்திருப்பா, கையெல்லாம் பூனைமுடி, ஒரு இட்லிய பிச்சு பிச்சு தட்டு பூரா பரப்பி வச்சிட்டு எந்திரிச்சிருவா. ஒரு டாக்டர் கல்யாணம் பண்ணா சரியாயிரும்னாரு. செந்தில் தம்பி சொல்றத எங்கம்மாவுக்கு வாசிச்சு காட்டினேன், அழுதுட்டாங்க. சைட்டோகைன் டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா?

மலர்விழி:
வேணாம்க்கா. ஆய்வு சொல்றது கூட்டத்தோட சராசரி, தனி ஆள் நம்பர வச்சு நோய் இருக்கு இல்லன்னு சொல்ல முடியாது. ஈசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட் பாக்கச் சொல்லுங்க. ரொம்ப இளைச்சிருந்தா பாசத்துல ஒரேயடியா ஊட்டிறாதீங்க, பாஸ்பேட் சரிஞ்சு இதயத்துக்கே ஆபத்தாயிரும், டாக்டர் கண்காணிப்புல கொஞ்சங்கொஞ்சமா ஏத்தணும்.

செந்தில்_பயோ:
ஆமாக்கா, டெஸ்ட் வேணாம், அதுல சண்டையே இல்ல. ஆனா காரணம் இல்லவே இல்லன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். எடை ஏறி தேறினவங்கள திரும்ப அளக்கணும், அப்பவும் ஐஎல்-6 எறங்கலன்னா வெறும் பட்டினின்னு சொல்லி ஒதுக்க முடியாது.

மலர்விழி:
அளக்கட்டும், ஆனா டிப்ரஷன் இருக்கவங்க, சிகரெட் புடிக்கிறவங்க, ஆன்டிடிப்ரஸன்ட் எடுக்கிறவங்கள தனித்தனியா பிரிச்சு அளக்கணும், அதெல்லாமே ஐஎல்-6ஐ அசைக்கும்.