புதுப்பிப்பு: நான்கு டிஸ்க், கடைசியில் ரெய்டு 10

போன மாதம் கேட்டிருந்தேன்: அலுவலக சர்வருக்கு நான்கு 8 டிபி (டெராபைட்) டிஸ்க் இருக்கிறது, ரெய்டு 5 போடலாமா, 10 போடலாமா என்று. (ரெய்டு என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தகவல் போகாமல் வைக்கும் முறை; எண்கள் அதன் வகைகள்.) கணக்கு டேட்டாபேஸும் பொதுக் கோப்புகளும் அதில்தான்.

ரெய்டு 5 போட்டால் 24 டிபி கிடைக்கும். ஆசைதான். ஆனால் ஒரு டிஸ்க் போய், புது டிஸ்கில் அதன் தகவலை மீண்டும் நிரப்பும் மறுகட்டமைப்பு ஓடும்போது இன்னொன்றும் போனால் எல்லாம் காலி. ரெய்டு 6, 10 இரண்டிலும் 16 டிபிதான். 6-இல் எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். 10-இல் டிஸ்குகள் ஜோடி ஜோடியாக ஒரே தகவலை வைத்திருக்கும்; ஒரே ஜோடியின் இரண்டும் போனால் போச்சு. இருந்தும் 10-ஐ எடுத்தேன். டேட்டாபேஸில் ஒவ்வொரு சிறு தகவலை எழுதும்போதும் ரெய்டு 6 மூன்று முறை படித்து மூன்று முறை எழுதும். 10-இல் இரண்டு முறை எழுதினால் முடிந்தது.

சர்வரைப் பயன்பாட்டுக்கு விடும் முன் வேண்டுமென்றே ஒரு டிஸ்கை உருவிப் பார்த்தேன். டிஸ்குகளை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் கீச்சென்று கத்தியது, ஆனால் மின்னஞ்சல் எச்சரிக்கை வரவே இல்லை. அனுப்பும் முகவரியே நிரப்பாமல் விட்டிருக்கிறேன்! சர்வர் அறை பூட்டியிருந்தால் அந்தக் கத்தல் யார் காதிலும் விழுந்திருக்காது. சரிசெய்துவிட்டு டிஸ்கை மாட்டினேன். ஜோடியிலிருந்து நகலெடுத்து முடிக்க மறுநாள் காலை ஆனது.

அப்புறம், "பேக்கப் எங்கே?" என்று கேட்டவர்களுக்கு: நேற்று ஒருவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டார். ரெய்டு அதை இரண்டு டிஸ்கிலும் ஒழுங்காக அழித்துக் கொடுத்தது. முந்தைய இரவு வெளி டிரைவில் எடுத்த நகலிலிருந்துதான் மீட்டேன்.